இரண்டு விரல் தண்ணீர்

நீச்சல் குளத்தில் தண்ணீர் மறுபடியும் இறங்கியிருந்தது.

வீட்டுக்காரர் அதை விரலால் அளந்து காட்டினார். ஓரத்தில் மண்டி போட்டு, நீல டைல்ஸுக்கும் தண்ணீருக்கும் நடுவே இரண்டு விரலைப் படுக்க வைத்தார். "போன வாரம் நீங்க நிரப்பிட்டுப் போனீங்க. இப்பப் பாருங்க, ரெண்டு விரல்" என்றார். குரலில் கோபம் இல்லை. சொல்லப்போனால் ஒரு நிறைவு இருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவருக்குக் காலையில் எழுந்து செய்ய ஒன்றுமில்லாமல் இருந்தது. இப்போது இது இருக்கிறது.

பம்புக்காரர் குனிந்து பார்த்தார். அவருக்குக் குனிவதில் கஷ்டமில்லை. நிமிர்வதற்குத்தான் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இப்போது கைக்குக் கிடைத்தது வீட்டுக்காரரின் தோள்.

போன வாரம் அவர் மோட்டாரைப் பிரித்து, தேய்ந்துபோன ரப்பர் சீல் ஒன்றை எடுத்துவிட்டுப் புதியது போட்டிருந்தார். அதுவரை மோட்டாருக்கு அடியில் சொட்டிக்கொண்டிருந்த ஈரம் அன்றே நின்றது. தரையைத் துணியால் துடைத்து, உள்ளங்கையை வைத்துப் பார்த்து, காய்ந்திருக்கிறது என்று உறுதி செய்துகொண்டுதான் கிளம்பினார். கடைக்குப் போய் முதலாளியிடம் முடிந்தது என்று சொன்னார். அப்படிச் சொன்னபோது அவர் பார்த்தது முதலாளியை அல்ல, கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியை.

அது சுழலும் நாற்காலி. கை வைக்க இரண்டு பக்கமும் இடம் உண்டு. அதில் உட்கார்ந்து வாஷரும் வால்வும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த கணக்குப்பிள்ளை, தன் மகள் வீட்டோடு போய்விட்டார். முதலாளி பம்புக்காரரிடம் சொல்லியிருந்தார், "பெரியவரே, அந்த வீட்டுல இனி ஒரு கம்ப்ளெயின்ட் வரக் கூடாது. அதை முடிச்சுக் குடுத்துட்டு வந்து உக்காருங்க. இல்லைன்னா என் மச்சான் இருக்கான், தினமும் வந்து அதையே பாத்துக்கிட்டு நிக்கிறான்."

மச்சானைப் பம்புக்காரருக்குத் தெரியும். நின்ற இடத்திலேயே சாய்ந்துகொள்ள ஒரு சுவரைக் கண்டுபிடித்துவிடுகிற மனிதர். நாற்காலிக்கென்றே பிறந்தவர்.

பம்புக்காரரின் மனைவியோ விஷயம் கேட்ட அன்றே பழைய போர்வையை வெட்டி, பஞ்சு அடைத்து, நாற்காலிக்கு ஒரு மெத்தை தைத்துவிட்டாள். "ஊரு உலகத்துக் குளத்துக்கெல்லாம் மண்டி போட்டது போதும்" என்று அதை அவர் பையில் திணித்தாள். அன்றிலிருந்து ஸ்பேனர்களோடும் பைப் ஒட்டும் பசையோடும் அந்த மெத்தையும் வீடு வீடாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

ஆகையால் இரண்டு விரல் தண்ணீர் என்பது அவருக்கு இரண்டு விரல் தண்ணீர் அல்ல.

நிழலில் போய் உட்கார்ந்தார். சமையல்காரம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த வீட்டில் பேச்சுத் துணைக்கு அவளைவிட்டால் வேறு ஆள் இல்லை. வீட்டுக்காரர் விரல்களோடு இருப்பார். வீட்டம்மா உள்ளேயிருந்து வேலை சொல்லிக்கொண்டே இருப்பார். வீட்டம்மாவுக்கு எல்லாவற்றிலும் ஒரு ஒழுங்கு வேண்டும். எண்ணெய் டின், குடிதண்ணீர் ஜாடி, சோப்புத் தண்ணீர் பாட்டில் என எல்லாவற்றிலும் சிவப்பு மையால் கோடு போட்டு வைத்திருந்தார். துணி எங்கே காய வேண்டும், செருப்பு எங்கே நிற்க வேண்டும் என்பதற்குக்கூடத் தரையில் கோடு இருந்தது. பம்புக்காரர் முதல் நாளே செருப்பைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் விட்டு, சமையல்காரம்மாவிடம் பேச்சு வாங்கியிருந்தார்.

"என்னண்ணே இது? அவங்க பாத்தா உங்களைத் திட்ட மாட்டாங்க. என்னைத்தான் திட்டுவாங்க" என்று அவள் அன்றைக்குச் செருப்பை ஒரு சாண் நகர்த்தி வைத்தாள்.

தண்ணீர் குடித்ததும் அவருக்கு வாளிச் சோதனை நினைவுக்கு வந்தது. குளத்து வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு வாளி நிறையக் குளத்துத் தண்ணீரை எடுத்து, குளத்தின் படியிலேயே வைத்துவிட வேண்டும். வாளிக்குள் தண்ணீர் நிற்கிற இடத்தில் ஒரு கோடு, வெளியே குளத்துச் சுவரில் ஒரு கோடு. வெயில் குடிப்பது இரண்டுக்கும் ஒன்றுதான். இரண்டும் ஒரே அளவு இறங்கினால் வெயிலின் வேலை. வாளி அப்படியே இருந்து குளம் மட்டும் இறங்கினால் எங்கோ ஓட்டை. வெயிலாக இருந்தால் பம்புக்காரர் மேல் குற்றமில்லை. அதைக் காட்டிவிட்டு நேராக நாற்காலிக்குப் போய்விடலாம்.

தன்னுடைய வாளியையே எடுத்துப் படியில் வைத்தார். கையிலிருந்த சாக்பீஸ் ஈரத்தில் பிடிக்கவில்லை. சமையல்காரம்மாதான் உள்ளே போய் வீட்டம்மாவின் சிவப்பு மைப் பேனாவைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் கண்ணைச் சுருக்கி, மூச்சைப் பிடித்து, வாளியில் ஒன்றும், குளம் நிரம்பினால் தண்ணீர் நிற்கிற இடத்தில் ஒன்றுமாக இரண்டு கோடும் போட்டார்.

"யாரும் கால் தட்டி விட்டுடாம பாத்துக்கம்மா. என் பொழப்பே இந்த பக்கெட்டுலதான் இருக்கு" என்றார்.

அவள் வாளியை ஒரு முறை பார்த்தாள், அவரை ஒரு முறை பார்த்தாள், தலையாட்டினாள். அவர் இறங்கிப்போன தண்ணீரை நிரப்பி, குளத்தை அதன் கோட்டுக்குக் கொண்டுவந்துவிட்டுக் கிளம்பினார்.

அடுத்த முறை வந்தபோது குளம் இரண்டு விரல் இறங்கியிருந்தது. வாளி கோட்டிலேயே இருந்தது. உற்றுப் பார்த்தால் ஒரு நூல் அளவு இறங்கியிருக்கலாம்.

வெயில் இப்படிக் காய்கிறதே, வாளி இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்க வேண்டாமா என்று அவருக்கு ஒரு நினைப்பு வந்தது. களைத்த மனிதனுக்கு வருகிற நினைப்புகளில் பாதி உட்கார இடம் கிடைக்காமல் போய்விடும். அதுவும் போய்விட்டது.

முதலாளிக்குப் போன் போட்டுச் சொன்னார். முதலாளி சந்தேகத்துக்கே இடம் வைக்கவில்லை. பக்கெட் பொய் சொல்லுமா, ஓட்டையைப் பிடிங்க என்றார்.

பம்புக்காரர் ஓட்டையைத் தேடினார். மோட்டாரை நிறுத்தி, சாயத் தண்ணீரை ஊசியில் எடுத்து, விளக்கைச் சுற்றி, அடி வடிகாலைச் சுற்றி, இலை வடிகட்டும் வாயைச் சுற்றிச் சொட்டுச் சொட்டாக விட்டார். ஓட்டை இருந்தால் சாயம் அதை நோக்கி இழுபடும். சாயம் எங்கும் போகவில்லை. அவர் முகத்துக்கு எதிரிலேயே சோம்பலாக மிதந்தது. அந்தக் குளம் கட்டிய நாளிலிருந்து அதில் முழுதாக இறங்கியவர் அவர் ஒருவர்தான். வீட்டுக்காரருக்கு நீச்சல் தெரியாது. வீட்டம்மாவுக்கு முடி நனைவது பிடிக்காது.

குளத்தில் இல்லையென்றால் மண்ணுக்குள் போகிற பைப்பில் இருக்க வேண்டும். தோண்ட வேண்டியதுதான்.

தோண்டினார். மதிலோரமாக முழங்கால் ஆழம் போனதும் கடப்பாரை ஏதோ ஒன்றில் இடித்தது. பாறை என்று நினைத்து இன்னும் ஓங்கிப் போட்டார். பாறையிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தது. அது செடிகளுக்குப் போகிற பைப்.

மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. தெரிவதற்குள் புல்தரை சேறாகிவிட்டது. வீட்டுக்காரர் ஓடிவந்து சேற்றில் விரலை வைத்து ஆழம் பார்த்தார். பம்புக்காரர் அந்தப் பைப்பை ஒட்டி முடித்து, சேற்றை வாரி, அதற்கும் கீழே போனபோது குளத்து பைப்பின் இணைப்பு ஒன்று நனைந்திருந்தது. நனைந்தது குளத்துத் தண்ணீரா, தான் உடைத்துவிட்ட தண்ணீரா என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அந்த இணைப்பை மாற்றினார். அன்று வீட்டுக்குப் போனபோது மனைவி அவரை வாசலிலேயே நிறுத்தி, தலையில் தண்ணீர் ஊற்றி, பிறகுதான் யாரென்று பார்த்தாள்.

அடுத்த முறை, குளம் இரண்டு விரல். வாளி கோட்டில்.

சரி, குழியையாவது மூடிவிடலாம் என்று மண்வெட்டியை எடுத்தார். உள்ளேயிருந்து வீட்டம்மா வந்துவிட்டார்.

"அதை மூடாதீங்க" என்றார்.

அவருடைய சிநேகிதி ஒருத்தி வீட்டுக் கொல்லையில் ஒரு செயற்கை அருவி இருக்கிறதாம். போய்ப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அவருக்குத் தன் வீட்டு மதில் வெறும் மதிலாகத் தெரிந்துகொண்டிருந்தது. இப்போது குழி தானாக அமைந்துவிட்டது. இதிலே ஒரு அல்லிக் குட்டை, அதன் பின்னால் கல்லடுக்கி ஒரு அருவி, அருவித் தண்ணீர் குட்டையில் விழுந்து, அங்கிருந்து வழிந்து குளத்தில் விழ வேண்டும். சொல்லிக்கொண்டே சுண்ணாம்புத் தூளை எடுத்துவந்து தரையில் கோடு போட்டார். கோடு பம்புக்காரரின் செருப்புக்கு நடுவே போயிற்று.

ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் அருவியா என்று அவர் மெதுவாகக் கேட்டுப் பார்த்தார். வீட்டம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதலாளியோ போனிலேயே சந்தோஷப்பட்டார். கட்டிக் குடுங்க பெரியவரே, அருவியைப் பாத்துக்கிட்டு இருந்தா ரெண்டு விரலை மறந்துடுவாங்க என்றார்.

கட்டினார். குழிக்குள் கறுப்பு ஷீட் விரித்தார், கல் சுமந்தார், குட்டி மோட்டார் ஒன்றை இறக்கினார். கல் அடுக்கிய பிறகு வீட்டம்மா ஜன்னல் வழியாகப் பார்த்து, அருவி சமையலறையைப் பார்க்கிறது, படுக்கையறையைப் பார்க்க வேண்டும் என்றார். பிரித்துத் திருப்பினார். படுக்கையறைக்குத் திருப்பியதும் வீட்டுக்காரர் தனியாக வந்து, அந்தச் சத்தத்தைக் கேட்டால் தனக்கு அடிக்கடி எழுந்து போகவேண்டியிருக்கிறது, கொஞ்சம் வேறு பக்கம் பார்க்கட்டுமே என்று காதோடு கேட்டுக்கொண்டார். மறுபடி பிரித்தார். கடைசியில் அருவி பக்கத்து வீட்டு மதிலைப் பார்த்துக்கொண்டு விழுந்தது. எல்லோருக்கும் அதுதான் வசதியாக இருந்தது.

அடுத்த முறை வந்தபோது வீட்டுக்காரர் கேட்டிலேயே நின்றார். கையைத் தூக்கிக் காட்டினார்.

நான்கு விரல்.

பம்புக்காரர் படியை நோக்கி நடந்தார். ஓடியிருப்பார், முழங்கால் விடவில்லை. வாளி கோட்டிலேயே இருந்தது. சாதுவாக, தெளிவாக, ஒரு பாவமும் அறியாத மாதிரி இருந்தது.

அருவியில் தண்ணீர் தெறிப்பதும் காற்று அள்ளிக்கொண்டு போவதும் உண்டுதான். அது அவருக்குத் தெரியும். ஆனால் அருவிக்கு முன்பே இரண்டு விரல் போய்க்கொண்டிருந்ததே. வாளி அசையவில்லையே. முதலாளி, ஓட்டை பெரிசாகிவிட்டது என்றார். மச்சான் பக்கத்திலிருந்து ஏதோ சொல்வது போனில் கேட்டது. அவர் குரல் வழக்கத்தைவிடத் தாழ்வான இடத்திலிருந்து வந்த மாதிரி பம்புக்காரருக்குப் பட்டது. உட்கார்ந்துகொண்டு பேசுகிறாரோ?

அந்தச் சந்தேகத்தோடேயே குளத்தின் மறுபக்கத்தைத் தோண்டினார். இந்த முறை எந்தப் பைப்பையும் உடைக்கவில்லை. ஓட்டையும் இல்லை. நல்ல உலர்ந்த மண். முழங்காலளவு போனார், இடுப்பளவு போனார். குழிக்குள் நின்று அண்ணாந்து பார்த்தபோது மேலே வீட்டம்மா சுண்ணாம்புத் தூளோடு நின்றுகொண்டிருந்தார்.

"இது எனக்குத் தோணவே இல்லை பாருங்க" என்றார் அவர். "அங்கே ஒரு குட்டை, இங்கே ஒரு குட்டை. ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஓடை விட்டுடலாம்."

ஓடைக்கு மேல் ஒரு சின்னப் பாலமும் வந்தது. பாலத்தில் யாரும் நடக்க முடியாது, கால் வைத்தால் உடைந்துவிடும். அது பார்ப்பதற்கு.

பம்புக்காரரிடம் மோட்டார் ஒன்றுக்கு மூன்றாயிற்று, ஃபில்டர் இரண்டாயிற்று. பாசி பிடிக்காமல் இரண்டு குட்டையும், இலை அடைக்காமல் ஓடையும் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. குளம் மட்டும் தன் பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரருக்கு ஒரு கை போதவில்லை. குளத்துக்கு ஒன்று, குட்டைகளுக்கு ஒன்று என்று காலையில் இரண்டு கையோடும் அலைந்தார்.

இராத்திரி சாப்பிடும்போது மனைவி கேட்டாள், "மெத்தை எப்படி இருக்கு? உறுத்துதா?"

அவள் கேட்டது நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாரா என்று. அவருக்குப் புரிந்தது. நல்லா இருக்கு, இன்னும் உக்காரலை என்றார். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

கடைசியில் வழி சொன்னது முதலாளிதான். தண்ணீர்த் தொட்டியில் மிதவை வால்வு போடுவதில்லையா, தண்ணீர் இறங்கினால் தானாகத் திறந்து நிரப்பிவிட்டு மூடிக்கொள்ளும், அதைக் குளத்தில் போட்டுவிடுங்கள். ஓட்டை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், கண்ணுக்குத் தெரியாத வரைக்கும் அது கம்ப்ளெயின்ட் இல்லை என்றார்.

பம்புக்காரருக்கு மனம் ஒப்பவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் எந்த ஓட்டையையும் மூடி மறைத்ததில்லை, அடைத்துத்தான் பழக்கம். ஆனால் முழங்கால் ஒப்புக்கொண்டது. வால்வைப் போட்டார்.

வீட்டுக்காரர் மறுநாள் விரலை வைத்தார். இடமில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. தண்ணீர் கோட்டில் கல்வெட்டு மாதிரி நின்றது. அவர் கொஞ்ச நேரம் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, செய்தித்தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கம்ப்ளெயின்ட் முடிந்தது.

பம்புக்காரர் பாலத்துக்குப் பக்கத்தில் நின்றபடியே முதலாளிக்குப் போன் போட்டார். முடிஞ்சுது என்றார். முதலாளி, தெரியும், அந்த அம்மா இப்பத்தான் பேசினாங்க, புகழ்ந்து தள்ளிட்டாங்க என்றார். பம்புக்காரர் பையிலிருந்த மெத்தையைத் தடவிக்கொண்டார்.

"இதே ஆளுதான் வாரா வாரம் வரணும்னு சொல்லிட்டாங்க பெரியவரே. குளம், அருவி, ரெண்டு குட்டை, ஓடை, எல்லாத்துக்கும் சேத்து. வேற யாரையும் உள்ளேயே விட மாட்டாங்களாம். நானும் சரின்னுட்டேன். வேற என்ன பண்ண, உங்க கைவேலை அப்படி."

"நாற்காலி?"

"அது சும்மாதானே கெடக்குதுன்னு மச்சான் உக்காந்துட்டான். எழுப்பினா வீட்டுல எனக்குச் சோறு கிடைக்காது."

பம்புக்காரர் சரிங்க என்றார். போனைச் சட்டைப்பையில் போட்டார். அருவி பக்கத்து வீட்டு மதிலைப் பார்த்து விழுந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். நன்றாகத்தான் கட்டியிருந்தார்.

கிளம்பும்போது வாளி நினைவு வந்தது. அது அவருடைய சொந்த வாளி. இனி யாரைச் சோதிக்க? படியருகே போனார். தரை சுட்டது. பையிலிருந்து மெத்தையை எடுத்து, குளத்தின் ஓரத்தில் போட்டு, அதன்மேல் மண்டி போட்டார். உறுத்தவில்லை. மனைவி நன்றாகத்தான் தைத்திருந்தாள். மெத்தை நன்றாக இருக்கிறது என்று இன்று அவளிடம் பொய்யில்லாமல் சொல்லலாம்.

வாளியைக் கவிழ்க்கக் காதைப் பிடித்துத் தூக்கினார்.

"அண்ணே, கொட்டிடாதீங்க."

சமையல்காரம்மா கையில் ஒரு குவளையோடு சமையலறைப் பக்கமிருந்து வேகமாக வந்தாள். அவர் கையிலிருந்து வாளியை வாங்கிப் பழையபடி படியில் வைத்தாள். பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். குளத்திலிருந்து ஒரு குவளை மொண்டு, வாளிக்குள் கொஞ்சம் விட்டாள். தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, சிவப்புக் கோட்டைப் பார்த்தாள். இன்னும் இரண்டு சொட்டு விட்டாள்.

பம்புக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவளுக்கு அந்த முகம் புரியவில்லை. வேலையில் குறை கண்டுவிட்டாரோ என்று கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது.

"பொழப்பே இதுலதான் இருக்குன்னு கோடு போட்டுட்டுப் போனீங்களேண்ணே, அன்னைலேருந்து தினம் காலையில முதல் வேலை எனக்கு இதுதான், அந்தக் கோட்டுக்குக் கீழே ஒரு நாளாவது இறங்க விட்டிருப்பேனா?"